வெஸ்ட்லி ஏற்றத்தில் தீப்பந்தம்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. அப்படியிருந்தும் ஒஸ்லோவில் நான் உண்டாக்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பொய்யென்று நினைப்பவர் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும்.

ஒரு துப்புரவுக் கம்பனி. ஒரு வாளி, ஒரு தும்புத்தடி, ஒரு இரவல் வான் வண்டி, இவ்வளவோடு தொடங்கியது. ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடிகளுக்குக் கீழே ஒரு கடை. அது வரும்வரை முருங்கைக்காய்க்கும் ஒடியல் மாவுக்கும் எங்கள் சனம் நகரத்துக்கு ரயில் ஏறியது. எங்கள் கத்தோலிக்கத் தமிழர் மண்டபத்தின் தரை. பலகை பலகையாக நான் முழங்காலில் இருந்து அடித்தது. மாதா திருநாளுக்குச் சுரூபம் வைத்துத் தூக்கும் கூடு. இந்த நாட்டு மரத்தில் நானே அறுத்து இழைத்தது. எல்லாவற்றிலும் பெரியது, எங்கள் பிள்ளைகளின் பனிச்சறுக்குக் குழு. நகர ஓரத்தில் நாங்கள் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் தமிழ்ப் பிள்ளையின் காலில் முதன்முதல் சறுக்குக் கட்டையைப் பூட்டிவிட்டவன் நான்தான்.

வங்கியில் என் நோர்வேஜியனைக் கேட்டுவிட்டு மரியாதையாகக் கதவைக் காட்டினார்கள். எங்கள் ஆட்கள் சிரித்துக்கொண்டு காட்டினார்கள். இரண்டு கதவுகளிலும் நான் திரும்பி வந்து நின்றேன்.

சறுக்குக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அதுதான் இந்தக் கதையின் வேர்.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சறுக்கு நாள் என்றால் எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் அன்றைக்கென்று காய்ச்சல் வரும். தாய்மார் பயந்து வீட்டில் மறித்துவிடுவார்கள். கால் முறிந்தால் யார் பார்ப்பது, பெண்பிள்ளைக்குப் பல்லு உடைந்தால் யார் கட்டுவது என்ற கதை. அடுத்த நாள் வகுப்பில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் சறுக்கினதைப் பற்றிக் கதைக்க, எங்களுடையதுகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் கடையில் சாமான் அடுக்கிக்கொண்டு நிற்கையில் பிள்ளைகள் இதை ஒன்றோடொன்று சொல்லக் கேட்டேன். வேறு யாருக்கும் கேட்கவில்லையா? கேட்டது. செய்தவன் நான்.

பழைய சாமான் சந்தைகளில் அலைந்து சறுக்குக் கட்டைகள் சேர்த்தேன். சோடி சேராததைச் சோடி சேர்த்தேன். கட்டைக்கு மெழுகு பூசவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். மெழுகுக்கா எங்களிடம் பஞ்சம்? திருநாளுக்கு எரித்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகள் கோயில் அறையில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. சுவாமியாரிடம் கேட்டு எடுத்துவந்து கட்டையின் நுனி முதல் குதி வரை ஒரு இடம் விடாமல் தேய்த்தேன். இறக்கத்தில் பிள்ளைகள் எண்ணெயில் போவதுபோலப் போனார்கள். ஏற்றத்தில்தான் வில்லங்கம். ஒரு அடி வைத்தால் இரண்டு அடி பின்னால் வந்தார்கள், ஒருத்தருக்கு மேல் ஒருத்தர். நாயோடு உலாத்த வந்த ஒரு கிழவர் நின்று பார்த்துவிட்டு, பாதத்துக்குக் கீழே பிடிமானத்துக்கு வேறு மெழுகு பூசவேண்டும் என்று கையால் காட்டிச் சொன்னார். அதுவரை நாங்கள் ஏறவே முடியாத கட்டையில்தான் ஏறிக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த மெழுகு எங்களிடம் இல்லை. நான் பிள்ளைகளை இடுப்பில் கயிறு கட்டி மேலே இழுத்தேன். மேலே கொண்டுபோய் நிறுத்தினால் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். அதனால் தள்ளிவிட்டேன். ஒவ்வொரு பிள்ளையையும் முதுகில் கைவைத்துத் தள்ளினேன். அழுதவர்களும் கீழே போய்ச் சேர்ந்தார்கள். தள்ளாமல் விட்டிருந்தால் இன்றைக்கும் மேலேதான் நின்றிருப்பார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாரிக் குளிரில் உலகப் பனிச்சறுக்குப் போட்டிக்கு முன்னால் ஒரு தீப்பந்தம் நாடு முழுக்கக் கைமாறி ஓடியது. ஒஸ்லோவுக்குள் வந்ததும் எங்கள் பள்ளத்தாக்கு வழியாகவும் கொண்டுபோவதென்று முடிவானது. இங்கே இருக்கிற ஒவ்வொரு சமூகமும் ஒரு ஆளைத் தரலாம் என்றார்கள். தமிழருக்குக் கிடைத்தது ரயில் பாதை முடிகிற வெஸ்ட்லி நிலையத்துக்குப் போகும் அந்தக் கடைசி ஏற்றம். கேட்டவுடனே எனக்குத் தெரியும் அது யாருடைய ஏற்றம் என்று. நான் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு போத்தலில் தண்ணீரை நிரப்பி, கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நாள் விடியவும் அந்த ஏற்றத்தில் நடந்து பழகினேன். எதிரே வந்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

பூசை முடிந்து மண்டபத்தில் எங்கள் தமிழர் சங்கத்தின் கூட்டம். நான் அடித்த தரையில், நான் வாங்கிக்கொடுத்த கதிரைகளில் இருந்துகொண்டு பேசினார்கள். சங்கத்தின் தலைவர் என்னிலும் இருபது வயது இளையவர், இங்கே பட்டம் படித்தவர், மாநகரசபையில் வேலை. மெதுவாகத்தான் கதைப்பார். மெதுவாகக் கதைக்கிறவர்களிடம் கவனமாக இருக்கவேண்டும்.

"அண்ணை, உங்களுக்கு நாங்கள் வேற ஒரு பெரிய பொறுப்பு வைச்சிருக்கிறம்," என்றார்.

பெரிய பொறுப்பு என்னவென்றால், பந்தம் கொண்டுவருகிறவருக்கு ஏற்றத்தின் நடுவில் சமூகத்தின் சார்பில் பொன்னாடை போர்ப்பது. பந்தம் கொண்டுவரப் போவது ஒரு வைத்தியர். இங்கே பிறந்த பெண், எங்கள் கோயில் பிள்ளை. நான் தள்ளிவிட்ட பிள்ளைகளில் ஒன்று. அவளுடைய தகப்பன் பின்வரிசையில் இருந்தான். இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய கிழமையிலேயே என் கம்பனியில் வாளி தூக்கியவன்.

ஏன் நான் இல்லை என்று கேட்டேன். தலைவர் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்தார். அதில் இருந்த செயற்குழு உறுப்பினர் ஒருவர் பதில் சொன்னார்.

"டிவிக்காரர் மைக்கை நீட்டுவினம், அண்ணை. உங்களுக்குத் தெரிஞ்ச நோர்வேஜியன் 'பை வேணுமோ' மட்டும்தானே."

மண்டபம் சிரித்தது. பின்வரிசைத் தகப்பனும் சிரித்தான். மற்றவர்கள் சிரித்ததை நான் விட்டுவிட்டேன். அவன் பக்கம் திரும்பி, உன் மகளுக்குச் சறுக்கப் பழக்கியது யார் என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் பழகினவள் என்றான்.

"நீ இஞ்சை வரேக்கை சப்பாத்து லேஸ் கட்டத் தெரியாமல் என்ர காலைப் பாத்துப் பழகினனீ," என்றேன். "அதையும் பள்ளிக்கூடத்தில பழகினதெண்டு சொல்லு."

அவன் தலையைக் குனிந்தான். அதோடு கூட்டத்தில் சிரிப்பு நின்றது. நானும் கதிரையை விட்டு எழுந்து வந்துவிட்டேன். பொன்னாடை போர்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த ஏற்றத்தில் எனக்கு ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் அவளுடைய பேட்டி வந்தது. என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள், என்னைவிட நன்றாக வாசிப்பாள். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தாள். தனக்குச் சறுக்கப் பழக்கியது முதலாம் வகுப்பு ஆசிரியை என்றும், அவர் தன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார் என்றும், அதற்கு முன் தன் சமூகத்துப் பெரியவர்கள் மலையிலிருந்து பிள்ளைகளைத் தள்ளிவிடுவார்கள், அதனால் பனி என்றாலே பயம் இருந்தது என்றும் சொல்லியிருந்தாள். பெரியவர்கள் என்று பன்மை வேறு. அது ஒரு ஆள். அந்த ஆள் நான், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தள்ளினீங்கள்தானே," என்றாள் மனைவி. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அந்தப் பெண்ணை மறித்தேன். ஆட்கள் சுற்றிவர நின்றார்கள். இருக்கட்டும் என்று கேட்டேன்.

"பிள்ளை, உனக்குச் சறுக்கப் பழக்கினது ஆர்?"

"ஸ்கூல்ல, அங்கிள்."

"அதுக்கு முதல்?"

அவள் கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டே யோசித்தாள். "அதுக்கு முதல் நீங்கள் என்னைத் தள்ளிவிட்டனீங்கள். அது ஞாபகம் இருக்கு. பழக்கினது ஞாபகம் இல்லை."

"தள்ளினதாலதான் நிண்டனீ."

"நான் நிக்கேல்லை, அங்கிள். விழுந்தனான். நீங்கள் திரும்பிப் பாக்காமல் அடுத்த பிள்ளையைத் தள்ளினீங்கள்."

அடுத்த பிள்ளை வரிசையில் நின்றது. விழுந்த ஒவ்வொன்றுக்கும் மூக்குத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தால் இருட்டுவதற்கு முன் ஒரு பிள்ளையும் இறங்கியிருக்காது. இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. கோபம் வந்தால் எனக்கு நியாயம் பிறகுதான் வரும். வேறொன்றைச் சொன்னேன்.

"அப்ப பந்தம் கொண்டுபோகேக்கையும் அந்த டீச்சரைக் கூப்பிடு. வந்து கையைப் பிடிப்பா."

அவள் சிரித்தாள். வைத்தியர்கள் நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "உங்களுக்கு அது கிடைக்கேல்லை எண்டுதானே இந்தக் கோபம்," என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் அது கேட்டது. கேட்டதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பந்தம் வந்த நாள் காற்று மலைப்பக்கமிருந்து அடித்தது. பனி மேலே கொட்டவில்லை, தரையிலிருந்து கிளம்பிப் பறந்தது. தெருவின் இரண்டு பக்கமும் எங்கள் சனம், சேலைக்கு மேல் தடித்த ஜாக்கெட்டோடு. தலைவர் வீட்டிலிருந்து பொன்னாடையைக் கொண்டுவந்தார். எங்கள் ஆட்களுக்குத் தெரியும், பொன்னாடை யாரும் உடுக்கிற சாமான் இல்லை. ஒரு விழாவில் ஒருவருக்குப் போர்த்தது அவருடைய அலுமாரியில் கிடந்து, அடுத்த விழாவில் இன்னொருவர் தோளுக்குப் போகும். இது முந்திய வருடம் தலைவருக்கே போர்த்தது. பளபளவென்ற நைலோன், சரிகைக் கரை, தொங்கலில் குஞ்சம்.

நான் ஒன்றே ஒன்று சொன்னேன். என்னிடம் யாரும் கேட்காவிட்டாலும் சொன்னேன். "பந்தத்தை ஒருக்கா ஆரும் வாங்கி வைச்சிருக்கட்டும். பிறகு போர்ப்பம்."

"இல்லை அண்ணை," என்றார் தலைவர். "படத்தில பந்தமும் வரவேணும், பொன்னாடையும் வரவேணும்."

பந்தத்தோடு கூடவே மஞ்சள் மேலங்கி போட்ட ஏற்பாட்டுக் குழுப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். அவளுக்கு இந்தப் போர்க்கிற வேலையைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. வைத்தியப் பெண் வெள்ளை உடுப்பில், பந்தத்தை உயர்த்திப் பிடித்து, மூச்சு வாங்க வந்தாள். அழகாகத்தான் வந்தாள், அதை நான் மறைக்கவில்லை. தலைவர் கையைக் காட்ட நின்றாள். மரியாதைக்காக நான் கையுறையைக் கழற்றியிருந்தேன். பொன்னாடையை விரித்து அவள் தோளில் வைத்தேன். கைகளை எடுத்தேன். காற்று குஞ்சத்தைத் தூக்கிப் பந்தத்துக்குள் போட்டது.

நைலோன் எரிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது தாளைப் போல எரியாது, உருகிக்கொண்டு ஓடும். குஞ்சத்தில் பிடித்த நெருப்பு, நான் ஐயோ என்று சொல்லுமுன் அவள் காதுப் பக்கம் வந்துவிட்டது. சனம் போனைப் பிடித்தபடி நின்றது. ஒருவர்கூடப் போனைக் கீழே இறக்கவில்லை. தலைவர் பின்னால் போனார், நான் கண்ணால் கண்டேன். தகப்பன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் வெறும் கையால் அந்தத் துணியைப் பிடித்து இழுத்தேன். அது என் உள்ளங்கையில் ஒட்டியது. ஒட்டியதோடு சேர்த்து இழுத்துப் பனியில் எறிந்து மிதித்தேன். அவளுடைய தலைமயிர் பொசுங்கி நாறியது. காது சிவந்திருந்தது. அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மஞ்சள் மேலங்கிக்காரி அவள் காதில் பனியை வைத்து அழுத்திக்கொண்டு ரேடியோவில் கத்திக் கதைத்தாள். அவளுக்கும் வேறெதுவும் கண்ணில் படவில்லை.

பந்தம் தெருவோரப் பனியில் விழுந்து கிடந்தது. அணையவில்லை. பக்கவாட்டில் கிடந்து பனியில் ஒரு குழியைத் தோண்டிக்கொண்டு எரிந்தது. நான் குனிந்து எடுத்தேன்.

எடுத்து என்ன செய்வது? மேலே நிலையத்தின் முன்னால் அடுத்தவர் காத்துக்கொண்டு நிற்கிறார். அந்த ஏற்றம் தமிழருக்குக் கொடுத்த ஏற்றம். நான் நடந்தேன். உள்ளங்கைத் தோல் பந்தத்தின் பிடியில் வழுக்கியது. கையை மாற்றிப் பிடித்தால் மற்றக் கையும் அதே நிலை. கீழே இறக்கவில்லை. எவ்வளவு உயரத்தில் போத்தலைப் பிடித்துப் பழகினேனோ அதைவிட உயரத்தில் பிடித்தேன். பின்னால் ஒருவரும் வரவில்லை. கைதட்டலும் இல்லை. வளைவு தாண்டியதும் அடுத்தவர் நின்றார், எரித்திரியாக்காரர், எங்கள் பக்கம் பஸ் ஓட்டுகிறவர். பந்தத்தை நீட்டினேன். அவர் அதை வாங்காமல் முதலில் என் கையைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டு ஓடினார். அன்று எனக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான். அதுவும் தமிழனிடமிருந்து இல்லை.

என் கைகளுக்கு மருத்துவமனையில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே சங்கம் அறிக்கை விட்டது. எல்லாருடைய போனுக்கும் போனது, என் மனைவியின் போனுக்கும். மூத்த உறுப்பினர் ஒருவரின் கவனக்குறைவால் சிறு அசம்பாவிதம் நேர்ந்தது, ஏற்பாட்டாளர்களின் துரித நடவடிக்கையால் பந்தம் தடையின்றித் தொடர்ந்து சென்றது என்று. மனைவி அதையும் வாசித்தாள். இந்த முறை எழுந்து போகவில்லை. எனக்குச் சோறு ஊட்டவேண்டியிருந்தது.

கோயில் வாசலில் அந்தப் பெண் சொன்னதை எடுத்து வைத்திருந்தவர்கள் இப்போது வெளியே எடுத்தார்கள். தனக்குக் கிடைக்காத பொறாமையில் கிழவர் வேண்டுமென்றே கொளுத்தினார் என்ற கதை ஹவுகன்ஸ்டுவாவில் தொடங்கி வெஸ்ட்லிக்குப் போய்த் திரும்பி என் கடை வாசலுக்கே வந்தது. திருநாள் கூட்டத்தில் ஒருவர் எல்லாருக்கும் முன்னால், "அண்ணை, அடுத்த பொன்னாடை ஆருக்கு?" என்று கேட்டார். சிரிக்காதவர்கள் இல்லை. கட்டுப் போட்ட கையால் நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்த நேரம்.

தகப்பனும் மகளும் என்னைப் பார்க்க வந்தார்கள். திராட்சைப்பழம் கொண்டுவந்தார்கள். அவள் தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். என் கைக்கட்டுகளை அவிழ்த்துப் பார்த்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னாள். இரண்டு விரல் மடங்கவில்லை. அவை இனி மடங்கப் போவதும் இல்லை என்பதை அவள் முகத்தில் பார்த்தேன். திரும்பக் கட்டிவிட்டு, "தாங்க்ஸ் அங்கிள்," என்றாள்.

"இதை மண்டபத்தில வந்து சொல்லு," என்றேன். "துணியை இழுத்தது ஆர், பந்தத்தைக் கொண்டுபோனது ஆர் எண்டு சொல்லு. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

அவள் திராட்சைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பன்தான் வாயைத் திறந்தான். சங்கத்துக்குள் பிரச்சினை வேண்டாம், தலைவர் மனம் நோவார், ஆறப்போடுங்கள் அண்ணை என்றான்.

"உன்ர மகள் எரியேக்கை நீ தலையில கையை வைச்சுக்கொண்டு நிண்டனீ," என்றேன். "அந்தக் கையை எடுத்திருந்தா எனக்கு இண்டைக்கு விரல் இருந்திருக்கும்."

அவன் அழுதான். கிழட்டு ஆம்பிளை, என் சோபாவில் இருந்து, மகளுக்கு முன்னால் அழுதான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னதற்கு நான் ஏன் முகத்தைத் திருப்ப வேண்டும்?

அவள் எழுந்து தகப்பனைக் கையில் பிடித்து எழுப்பினாள். "இதுக்குத்தான் அங்கிள் உங்களோட ஒருத்தரும் கதைக்கிறேல்லை," என்றாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்கள்.

கதைக்க வேண்டாம். இப்போது சங்கம் வருடாந்த மலர் போடுகிறதாம், மூத்தவர்கள் தங்கள் அனுபவங்களை எழுதித் தரட்டாம். அதனால்தான் இரண்டு விரல் ஒத்துழைக்காத கையால் இதை எழுதுகிறேன். மண்டபச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறார்கள். யாரோ தூரத்தில் நின்று பின்னாலிருந்து எடுத்தது. பறக்கிற பனிக்குள் கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு முதுகு, மேலே தூக்கிய பந்தம், முன்னால் வளைவு. வருகிற விருந்தினர்களைத் தலைவர் அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுக்கிறார். கீழே எழுதியிருக்கிறது: 'எமது சமூகத்தவர் ஒருவர்.'

கவனக்குறைவுக்கு நான் மூத்த உறுப்பினர். பெருமைக்கு நான் சமூகத்தவர் ஒருவர்.

இந்தக் கட்டுரையில் நான் ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை. எழுதியிருக்கலாம். அவரவர்க்குத் தங்களைத் தெரியும், அது போதும். ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே பெயர் வரவேண்டும். என் பெயர், என் தகப்பனின் பெயரோடு, முழுதாக. சறுக்குக் குழுவைத் தொடங்கியவர் என்று ஒரு வரி. பந்தத்தை வெஸ்ட்லி நிலையம் வரை கொண்டுபோனவர் என்று இன்னொரு வரி. நான் செத்த பிறகு கண்ணீர் அஞ்சலியில் போடலாம் என்று வைத்திருக்க வேண்டாம், அதை வாசிக்க நான் இருக்கமாட்டேன். இந்த மலர் அச்சுக்குப் போகுமுன் போடுங்கள். போட விருப்பமில்லையென்றால் படத்தைக் கழற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்து தாருங்கள். அது என் முதுகு.